‘போதும்’ என்று சொல்லும் ஊசி

“வாயைக் கட்டினால் உடம்பு தானே இளைக்கும்!” பருமனான பெண்ணிடம் இந்த உபதேசத்தைச் செய்யாத உறவினர் உண்டா? பாவம், அவளும் பட்டினி கிடக்கிறாள். நாலு நாளில் பசி இரட்டிப்பாக வந்து நிற்கிறது. “மன உறுதி போதாது” என்று பட்டம் வேறு கிடைத்துவிடுகிறது!

குற்றம் மனத்தினுடையது மட்டுமல்ல என்கிறது விஞ்ஞானம். சாப்பிட்டதும் நம் குடல் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ‘போதும், இலையை மூடு’ என்று மூளைக்குச் சொல்லும் தூதன் அது. ஆனால் அற்பாயுசு, இரண்டொரு நிமிஷத்தில் ரத்தத்தில் அழிந்துவிடுகிறது.

டென்மார்க்கில் நோவோ நார்டிஸ்க் கம்பெனியின் விஞ்ஞானி லோட்டே பியெரே நுட்சென் என்ற பெண்மணியும் அவர் குழுவினரும் இதற்கு ஒரு யுக்தி கண்டார்கள். அந்தத் தூதனைப் போன்ற ஒரு பொருளோடு கொழுப்பு அமிலம் ஒன்றைக் கோத்தார்கள். அது ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, நாள் முழுவதும் வேலை செய்தது. அதுதான் லிராக்ளூடைட். முதலில் நீரிழிவுக்கு வந்த இந்த மருந்து, 2014 டிசம்பரில் உடல் பருமனுக்காகவும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

தினம் ஒரு தடவை, பேனா போன்ற கருவியால் தோலுக்கடியில் தாமே போட்டுக்கொள்ளலாம். 0.6 மில்லிகிராமில் ஆரம்பித்து, வாரா வாரம் சிறிது சிறிதாக 3 மில்லிகிராம் வரை ஏற்றுவார்கள். அவசரப்பட்டால் குமட்டலும் வாந்தியும் வாட்டும்.

பலன்? 3,731 பேரை வைத்து நடத்தி, 2015-ல் வெளியான ஆராய்ச்சியில், 56 வாரங்களில் மருந்து பெற்றவர்கள் சராசரி 8.4 கிலோ இளைத்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்கள் 2.8 கிலோ. ஆகாரக் கட்டுப்பாடும் தேகப் பயிற்சியும் இரு சாராருக்கும் சொல்லித்தரப்பட்டன. ஊசியை நிறுத்தினாலோ, பசி திரும்பும். போன எடையும் பெரும்பாலும் திரும்பி வரும்.

கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. குடும்பத்தில் ஒருவகைத் தைராய்டுப் புற்றுநோய் இருந்தவர்களுக்கும் கூடாது. கணையத்தில் அழற்சி வந்தவர்கள் டாக்டரிடம் அதை மறைக்கக் கூடாது. கல்யாணத்துக்கு அட்டிகையை இரவல் வாங்கலாம். அடுத்த வீட்டு மாமியின் ஊசிப் பேனாவை வாங்கலாமோ?

எல்லாருக்கும் இந்த ஊசி வேண்டியதில்லை. ஆனால் அது கற்றுத் தந்த பாடம் எல்லாருக்கும் வேண்டும். அடுத்த தடவை, “வாயைக் கட்டு” என்று ஒருத்தியிடம் சொல்ல நாக்கு துடித்தால், முதலில் நம் வாயைக் கட்டுவோம்!