மழைக்காலத்து வீட்டுக்குள் பூனையும் நாயும்

கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய ஓட்டு வீடுகளில், ஜூனில் மழை பிடித்துவிட்டால் பகலிலும் விளக்கு எரிய வேண்டும். கூடத்தில் 6500 கெல்வின் டியூப்லைட், பக்கத்து அறையில் 2700 கெல்வின் மஞ்சள் பல்பு. நடுவே படுத்திருக்கும் வெள்ளைப் பூனை படத்தில் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் ஒரு வெளிச்சத்துக்குத்தான் பொருந்தும். ஒரு விளக்கை அணைத்துவிடுவதே உத்தமம்.

அடுத்த தொல்லை, கண்ணுக்குத் தெரியாத துடிப்பு. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் மலிவான எல்இடி பல்புகள் பலவும் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஷட்டரை 1/500 என வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக இருள் விழக்கூடும். 1/100 வைத்தால் பட்டை போய்விடும். ஆனால் ஓடும் நாய் கலங்கிவிடும். அது தலையைச் சாய்த்து ஒரு கணம் நிற்கும்போது அழுத்துவதுதான் வழி. லென்ஸை எஃப் 1.8 வரை திறந்து, ஐஎஸ்ஓவை 3200க்குத் தயங்காமல் ஏற்றலாம். புள்ளி விழுந்த படத்தைச் சகித்துக்கொள்ளலாம், கலங்கியதை முடியாது.

பிளாஷை நேராக அடித்தால், விழித்திரைக்குப் பின்னுள்ள பிரதிபலிப்புப் படலம் ஒளியைத் திருப்பியனுப்பும்; கண்கள் பச்சையாக மின்னும். மேலே அடித்துத் தெறிக்கவிடுவது வழக்கமான யோசனை. இங்கோ கரிய மரக்கூரை அந்த ஒளியைக் குடித்துவிடும். வெள்ளையடித்த சுவர்ப் பக்கம் திருப்புவதே பலன் தரும். கறுப்புப் பூனை சட்டத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஏறக்குறைய ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும்.