மின்சவரக் கருவியும் அதன் மென்தகடும்

காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் 1902ஆம் ஆண்டு உற்பத்தியாகத் தொடங்கிய மின்சாரம் முதலில் கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. பின்னர் 1905ஆம் ஆண்டில் பெங்களூர் நகர வீதிகளில் விளக்கெரித்தது. சுரங்கத்தின் பெரும் பொறிகளை ஓட்டுவதற்காகக் கொணரப்பட்ட அச்சக்தி, இன்று நிலைக்கண்ணாடியின் முன் நின்று தாடியை மழிக்கும் கைக்கடக்கமான கருவியையும் ஓட்டுகின்றது. ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரையிலான விலையில் கிடைக்கும் இத்தகைய கருவிகள் அன்றாட உபயோகத்திற்குத் தகுதியுடையனவா, அத்தகுதியைச் சாதாரணக் குடும்பத்தினர் எவ்வாறு அறிந்துகொள்வது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சவரம் செய்துகொள்வது பலருக்கு அற்பமான காரியம். ஆனால் எல்லோருக்கும் அவ்வாறன்று. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோர்க்குச் சிறு கீறலும் நெடுநேரம் குருதி கசியக் காரணமாகும். நீரிழிவு உடையோர்க்குக் காயம் ஆறுவது தாமதமாகலாம். முதுமையால் கை நடுங்குவோர்க்குப் பிளேடு அபாயகரமான பொருள். இத்தகையோர் மின்சவரக் கருவியைப் பயன்படுத்துவது நலமென மருத்துவர்கள் கூறுவது வழக்கம். பெங்களூரில் வசிக்கும் இக்கட்டுரையாளரின் தமையனாருக்கும், இருதய வால்வுச் சிகிச்சைக்குப் பின்னர், அவ்வாறே அறிவுரை கூறப்பட்டது. குறைந்த விலைக் கருவியொன்றை வாங்கி, அவர் பயன்படுத்தியதைக் கூர்ந்து கவனித்ததிலிருந்து அறிந்த செய்திகளும் இங்குச் சேர்க்கப்பட்டுள்ளன.

கருவியின் வரலாறு

மாற்றத்தக்க பிளேடு கொண்ட பாதுகாப்புச் சவரக்கருவியை ஜில்லெட் என்னும் அமெரிக்கர் 1903ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நீரும் சோப்புமின்றி மழிக்கும் மின்கருவியை அந்நாட்டின் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியான ஜேக்கப் ஷிக் 1931ஆம் ஆண்டில் விற்பனைக்கு விடுத்தார். 1939ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டின் பிலிப்ஸ் நிறுவனம் சுழலும் கத்தியுடைய கருவியை வெளியிட்டது. 1950ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பிரான் நிறுவனம் மெல்லிய சல்லடைத் தகடு பொருத்திய கருவியை அறிமுகம் செய்தது. கடைக்காரர்கள் ‘ஃபாயில் ஷேவர்’ என்று குறிப்பிடுவது இவ்வகைக் கருவியையே.

வேலை செய்யும் முறை

இக்கருவியின் தலைப்பகுதியில் வில்போல் வளைந்த ஓர் உலோகத் தகடு உண்டு. அதில் நுண்ணிய துளைகள் பல நெருக்கமாக அமைந்துள்ளன. தகட்டை முகத்தின்மீது நகர்த்தும்போது தாடி மயிர் இத்துளைகளின் வழியே உள்ளே நுழைகின்றது. தகட்டின் அடியில், வரிசையாக அடுக்கப்பட்ட கத்திகள் மோட்டாரின் உதவியால் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை இடமும் வலமுமாக அசைகின்றன. துளையின் விளிம்பும் கத்தியின் விளிம்பும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல ஒன்றையொன்று உரசிச் செல்கையில், இடையில் அகப்பட்ட மயிர் அறுபடுகின்றது. கத்தி தோலைத் தீண்டுவதில்லை. இரண்டிற்கும் இடையே தகடு காவலாக நிற்கின்றது. பிளேடிற்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேற்றுமை இதுவே.

இத்தகட்டின் தடிப்பு ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் மட்டுமே. இத்துணை மெல்லிய தகட்டை அடித்தோ உருட்டியோ பின் துளையிட்டோ செய்வது கடினமாதலின், பெரும்பாலும் மின்படிவு முறை கையாளப்படுகின்றது. துளைகள் வரவேண்டிய இடங்களில் மின்சாரம் கடத்தாத பூச்சு இட்ட ஓர் அச்சுத் தகட்டை நிக்கல் உப்புக் கரைசலில் அமிழ்த்தி மின்சாரத்தைச் செலுத்தினால், பூச்சில்லாத இடங்களில் மட்டும் நிக்கல் படியும். வேண்டிய தடிப்பு வந்ததும் அப்படிவை உரித்தெடுத்தால், துளைகளுடன் கூடிய தகடு கிடைக்கின்றது. காரைக்குடியில் 1953ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்ந்துவரும் துறைகளுள் மின்படிவு முறையும் ஒன்று. கைக்கடிகாரப் பட்டையோ மலிவான காதணியோ பட்டால் தோல் அரிக்கும் ஒவ்வாமை உடையோர், இத்தகட்டிலும் நிக்கல் இருத்தல் கூடும் என்பதை மறத்தலாகாது.

பிளேடிற்கு நிகராக மழிக்குமா?

மின்கருவி பிளேடைப் போல வழவழப்பாக மழிப்பதில்லை என்பது பலர் கூறும் குறை. இஃது உண்மையே, ஆனால் இக்குறையின் அளவையும் அறிதல் வேண்டும். தகடு தோலுக்கும் கத்திக்கும் இடையில் இருப்பதால், குறைந்தபட்சம் அதன் தடிப்பளவு மயிர், அதாவது ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர், எஞ்சும் எனக் கொள்வோம். தாடி நாளொன்றுக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர் வளர்கின்றது. அவ்வாறாயின், எஞ்சியது மூன்று அல்லது நான்கு மணி நேர வளர்ச்சிக்குச் சமம். காலை ஏழு மணிக்குப் பிளேடினால் மழித்துக்கொண்டவரின் முகம் பத்தரை மணிக்கு எந்நிலையில் இருக்குமோ, அந்நிலையில் மின்கருவியினர் ஏழு மணிக்கே இருக்கிறார். இது தோராயக் கணக்கே எனினும், அலுவலகம் செல்வோர் இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை என்பது தெளிவு. மேலும், மிக ஒட்ட மழிப்பதனால் மயிர்நுனி தோலுக்குள்ளேயே வளைந்து வளர்ந்து பரு உண்டாகும் தொல்லை உடையோர்க்குச் சிறிது மயிர் எஞ்சுவது நன்மையே.

உண்மையான குறைகள் வேறு. முதலாவது, இரண்டு மூன்று நாள் வளர்ந்த நீண்ட மயிர் துளைகளுள் எளிதில் நுழைவதில்லை. அதனை முதலில் டிரிம்மரால் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, கழுத்தில் தோலோடு படிந்து கிடக்கும் மயிரைத் தகடு தவறவிடுகின்றது. ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, கருவியை முகத்திற்குச் செங்குத்தாக வைத்து, மயிர் வளரும் திசைக்கு எதிராக மெதுவாக நகர்த்தினால் இக்குறை பெரிதும் நீங்கும். அழுத்தித் தேய்ப்பதனால் மயிர் மிகுதியாக அறுபடாது, தோல்தான் சிவக்கும். மூன்றாவது, வியர்வையால் ஈரமான முகத்தில் தகடு வழுக்கிச் செல்லாமல் ஒட்டுகின்றது. எனவே உலர் சவரத்தைக் குளிப்பதற்கு முன்னரே செய்துகொள்ளுதல் நன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரின் காலைக் குளிர்ச்சி இதற்குத் துணைபுரிகின்றது. சென்னைவாசிகள் மின்விசிறியின் கீழ் அமர்ந்து செய்துகொள்வது உசிதம்.

வாங்கியவுடன் செய்யத்தக்க பரீட்சைகள்

ஆய்வுக்கூடக் கருவிகள் எவையுமின்றி வீட்டிலேயே சில பரீட்சைகளைச் செய்து பார்க்கலாம். தலைப்பகுதியைக் கழற்றி, தகட்டை விளக்கின் எதிரே பிடித்து நோக்குக. துளைகள் சீராக இருத்தல் வேண்டும்; பள்ளமோ மடிப்போ கிழிசலோ காணப்பட்டால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு முகத்தின் ஒரு பாதியை மின்கருவியாலும், மறு பாதியை வழக்கமான முறையாலும் மழித்து, எப்பாதி எதனால் மழிக்கப்பட்டதென அறியாத ஒருவரைப் பார்த்துக் கூறச் சொல்லலாம். ஆனால் இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர் இப்பரீட்சையைச் செய்தல் கூடாது. ஐந்து நிமிடம் ஓடிய பின் தகட்டை விரலால் தொட்டுப் பார்த்தால் வெப்பம் தெரியும். சுடுமாயின் அது முகத்திற்கு ஏற்றதன்று. முதல் நாளே முடிவு கட்டிவிடலாகாது. தோல் புதிய முறைக்குப் பழகுவதற்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும்.

மின்கலத்தையும் சோதித்தல் வேண்டும். முழுமையாக மின்னூட்டம் செய்து, வேகம் தளரும்வரை எத்தனை நிமிடம் ஓடுகிறதென மூன்று முறை குறித்துக்கொண்டு, பெட்டியில் அச்சிட்ட நேரத்தோடு ஒப்பிடலாம். லித்தியம் மின்கலங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 16046 என்ற தரத்தை வகுத்துள்ளது. சவரக் கருவிகளின் பாதுகாப்பிற்கென ஐ.எஸ். 302 வரிசையில் தனிப் பிரிவே உண்டு. பெட்டியின்மேல் ‘ஐ.பி.எக்ஸ். 7’ என்ற குறி இருப்பின், ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் அமிழ்ந்தாலும் கருவியினுள் கேடு விளைவிக்கும் அளவிற்கு நீர் புகாது என்பது பொருள். மின்னிணைப்பில் இருக்கும்போது நீரில் நனைக்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது.

நீரும் பராமரிப்பும்

பெங்களூர் வீடுகளில் இருவகை நீர் வருகின்றது. ஒன்று சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றி அனுப்பப்படும் காவிரி நீர். மற்றொன்று ஆழ்துளைக் கிணற்று நீர். பின்னது பல இடங்களில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் மிகுந்த கடின நீராக உள்ளது. அதில் சோப்பு எளிதில் நுரைப்பதில்லை. பிளேடுச் சவரத்தில் எரிச்சல் உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம். உலர் சவரத்திற்கு இத்தொல்லை இல்லை. ஆனால் கருவியைக் கடின நீரில் கழுவி அப்படியே விட்டால், நீர் உலர்ந்தபின் உப்பு துளைகளில் படியும். ஆதலின் கூடியவரை காவிரி நீரில் கழுவி, தலைப்பகுதியைத் திறந்து உலரவிட்டு, வாரம் ஒருமுறை தகட்டின்மேல் ஒரு துளி மென்மையான இயந்திர எண்ணெய் இடுதல் நன்று. ஒருவரது கருவியை மற்றவர் பயன்படுத்தலாகாது. மஞ்சள் காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் பி வைரஸ், உடலுக்கு வெளியே உலர்ந்த இரத்தத்தில் ஏழு நாட்கள் வரையேனும் உயிர்ப்புடன் இருக்க வல்லது.

நாங்கள் கற்ற பாடம்

எங்கள் தமையனார் வாங்கிய கருவி மேற்கூறிய பரீட்சைகள் அனைத்திலும் தேறியது. நான்கு மாதங்கள் ஒரு கீறலும் இல்லை. ஐந்தாம் மாதம் ஒரு நாள் காலை அவருடைய தாடைக்கீழ் ஓர் ஊசிமுனை அளவு காயம் உண்டாகி, பஞ்சை அழுத்திப் பிடித்தும் அரைமணிக்கு மேல் குருதி நிற்கவில்லை. தகட்டை வெளிச்சத்தில் பார்த்தபோது, இரு துளைகளுக்கு இடையிலிருந்த உலோக இழை அறுந்து, முள்போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கருவியோடு வந்த தூரிகையால் கத்தியை மட்டும் துடைக்க வேண்டும், தகட்டைத் தேய்க்கலாகாது எனக் குறிப்புத் தாளில் அச்சிட்டிருந்தும், நாங்கள் தகட்டின் உட்புறத்தையும் நாள்தோறும் தேய்த்துவந்தோம். பிழை எங்களுடையதே.

புதுத் தகடு ஒன்றை மாற்றினால் போதுமென எண்ணி, மின்பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஏறி இறங்கினோம். அம்மாதிரிக்குரிய தகடு ஒரு கடையிலும் இல்லை. தனியே விற்கப்படுவதுமில்லை எனத் தெரிந்தது. மோட்டார் நன்றாக ஓடுகிறது, மின்கலம் குறைவின்றி இருக்கிறது. மயிரிழையினும் மெல்லிய தகடொன்று கிழிந்தமையால் கருவி முழுவதும் குப்பையாயிற்று. பாதுகாப்பிற்காக வாங்கிய பொருளே காயத்திற்கும் காரணமாயிற்று.

விலையைக் கணக்கிடும் முறை

தகட்டையும் கத்தியையும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டிற்குள் மாற்றுமாறு தயாரிப்பாளர் பலர் அறிவுறுத்துகின்றனர். ஆதலின் கருவியின் உண்மையான விலையில் மாற்றுத் தகட்டின் விலையும் அடங்கும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தகடு கிடைக்காத கருவி ஒன்றின் விலை 1,200 ரூபாய். அதன் தகடு 15 மாதம் உழைக்கிறது. மாதச் செலவு 80 ரூபாய். தகடு கிடைக்கும் மற்றொரு கருவியின் விலை 1,500 ரூபாய். தகடும் கத்தியும் 600 ரூபாய். இருமுறை மாற்றி 45 மாதம் பயன்படுத்தினால் மொத்தச் செலவு 2,700 ரூபாய்; மாதத்திற்கு 60 ரூபாய். வாங்கும்போது மலிவாகத் தோன்றியது, பயன்படுத்தும்போது விலை கூடியதாக முடிகின்றது. மின்கலம் அடங்கிய கழிவும் மும்மடங்காகின்றது.

முடிவாக, குறைந்த விலை மின்சவரக் கருவி அன்றாட உபயோகத்திற்குத் தகுதியுடையதே. ஆனால் கருவியை வாங்குமுன், அதற்குரிய தகட்டை அக்கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். அது கையிருப்பில் இருந்தால் அதனையும் சேர்த்தே வாங்கிக்கொள்வது உத்தமம். குறையுள்ள பொருளைக் கடைக்காரர் மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முறையிடலாம். பயனற்றுப்போன கருவியைக் குப்பைத் தொட்டியில் எறியாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, நாள்தோறும் முகத்தில் வைக்குமுன் தகட்டை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுதல் நலம். தமையனார் இப்போது வேறொரு கருவியைப் பயன்படுத்துகிறார். மாற்றுத் தகடு ஒன்று அலமாரியில் தயாராக இருக்கிறது. நாள்தோறும் காலையில் சன்னலருகே நின்று தகட்டைப் பார்த்துவிட்டே அவர் சவரத்தைத் தொடங்குகிறார்.