நெட்டில் பார்த்த தகவல் நாளைக்கும் இருக்குமா? கம்ப்யூட்டருக்குப் புதியவர்கள் சேமிப்பது எப்படி? திரும்பப் பயன்படுத்தும்போது எதைக் கவனிக்கணும்?

சேலம் மாவட்டம் ஏற்காடு மலையில் உள்ள வெள்ளக்கடை போன்ற ஊர்களில் காபி, மிளகு பயிரிடும் குடும்பங்களுக்கு இணையம் இப்போது அன்றாடத் தேவை. பட்டா எடுக்கணும், சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கணும், காபி விலை பார்க்கணும், செடியில் பூச்சி விழுந்தால் என்ன செய்யணும்னு தேடணும். ஆனால், மழை பெய்து கரண்ட் போனால் நெட்டும் போய்விடும். ஏற்காட்டில் இருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்த பிறகு, ‘அந்தப் பேப்பரை சேவ் பண்ணலையே’ என்று நினைத்துப் பயனில்லை.

இணையத்தில் பார்த்ததை முறையாகச் சேமிப்பது எப்படி? பார்க்கலாம்.

புக்மார்க் மட்டும் போதாதா?

போதாது. புக்மார்க் என்பது அந்தப் பக்கத்தின் முகவரியை மட்டும் குறித்து வைப்பது. பக்கத்தையே எடுத்துவிட்டால் முகவரி இருந்தும் ஒன்றும் கிடைக்காது. 2013-ல் இணையத்தில் இருந்த பக்கங்களில் 38 சதவீதம், 2023-ல் கிடைக்கவில்லை என்கிறது அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வு. அதனால் முக்கியமான தகவல் என்றால், ஒரு நகல் உங்கள் கையில் இருக்கணும்.

எப்படிச் சேமிப்பது?

கம்ப்யூட்டரில் மூன்று வழிகள் தெரிந்தால் போதும்.

1. பிடிஎஃப்: பக்கம் திறந்திருக்கும்போது கண்ட்ரோல் பட்டனை அழுத்திக்கொண்டு ‘பி’ அழுத்துங்க. பிரிண்ட் எடுக்கும் பெட்டி வரும். பிரிண்டர் பெயர் இருக்கும் இடத்தில் ‘சேவ் ஆஸ் பிடிஎஃப்’ என்று மாற்றுங்க. குரோம் பிரவுசர் என்றால் ‘மோர் செட்டிங்ஸ்’ உள்ளே ‘ஹெட்டர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்’ என்பதை டிக் பண்ணுங்க. சேமித்த தேதியும் பக்கத்தின் முகவரியும் தாளிலேயே பதிவாகிவிடும்.

2. முழுப் பக்கம்: கண்ட்ரோல் + எஸ். இதில் ஒரு ஃபைலும், அதே பெயரில் ஒரு ஃபோல்டரும் உருவாகும். படங்கள் ஃபோல்டரில்தான் இருக்கும். பென் டிரைவில் ஏற்றும்போது ஃபைலை மட்டும் எடுத்துவிட்டு ஃபோல்டரை விட்டுவிட்டால், வீட்டில் திறக்கும்போது படம் வராது.

3. தேவையான வரிகள் மட்டும்: மவுஸால் தேர்வு செய்து கண்ட்ரோல் + சி கொடுத்து, வேர்டு அல்லது நோட்பேடில் கண்ட்ரோல் + வி. கீழே முகவரியையும் தேதியையும் தனியாக எழுதி வையுங்க.

ஒட்டும்போது தமிழ் எழுத்துக்குப் பதில் புரியாத குறிகள் வந்தால் பயப்பட வேண்டாம். அது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணமாக இருக்கலாம். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-ல்தான். அப்படிப்பட்ட ஃபைலை காப்பி செய்யாமல், முழு பிடிஎஃப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது.

தேதி ஏன் இவ்வளவு முக்கியம்?

காபித் தோட்டத்தில் இருந்தே ஓர் உதாரணம். அரபிகா செடியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டு துளைப்பான். இதற்கு ஒரு காலத்தில் லிண்டேன் மருந்து பரிந்துரைக்கப்பட்டது. 2013 முதல் இந்தியாவில் லிண்டேன் பயன்படுத்தத் தடை. ஆனால், அதைப் பரிந்துரைக்கும் பழைய குறிப்புகள் இணையத்தில் இன்னும் கிடைக்கின்றன. தேதி பார்க்காமல் சேவ் பண்ணி, வாட்ஸ்அப்பில் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் அனுப்பினால், தடை செய்த மருந்தைத் தேடி இரண்டு பேர் கடைக்குப் போவார்கள்.

அளவும் அப்படித்தான். மருந்துக் குறிப்பில் ‘200 மில்லி’ என்று மட்டும் காப்பி செய்தால் அது எத்தனை லிட்டர் தண்ணீருக்கு, எத்தனை செடிக்கு என்பது போய்விடும். வரி முழுவதையும் எடுக்கணும். ஹெட்டரில் வருவது நீங்கள் சேமித்த தேதி. தகவல் எழுதப்பட்ட தேதி வேறு, அதைப் பக்கத்தின் உள்ளே பார்க்கணும். காபி வாரியம், தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக வேளாண் இணையதளம் ஆகியவற்றில் இப்போதைய பரிந்துரையை ஒருமுறை சரிபார்ப்பது பாதுகாப்பு.

எதைச் சேமிக்கலாம்? எதைப் புதிதாக எடுக்கணும்?

கவாத்து செய்யும் முறை, பாடக் குறிப்பு, பழைய அரசாணை போன்றவை அடிக்கடி மாறாதவை. ஒருமுறை சேமித்தால் பல நாள் உதவும். காபி, மிளகு விலை தினமும் மாறும். போன மாத ஸ்கிரீன்ஷாட்டை வைத்து வியாபாரியிடம் பேரம் பேசினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பட்டா இரண்டுக்கும் நடுவில். தமிழக அரசின் இ-சேவை தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்வு செய்து பட்டா எண்ணோ புல எண்ணோ கொடுத்து எடுக்கலாம். ஆனால், அது எடுத்த அன்றைய நிலவரம். பெயர் மாற்றமோ உட்பிரிவோ நடந்திருந்தால் பழைய நகல் செல்லாது. வங்கிக்கோ வழக்குக்கோ போகும் முன் புதிதாக எடுங்க.

பிரவுசிங் சென்டரில் செய்பவர்கள் கவனத்துக்கு

வேலை முடிந்ததும் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரில் உங்கள் ஆதார், பட்டா, சான்றிதழ் இருந்தால் அழித்துவிடுங்க. ‘ரீசைக்கிள் பின்’னையும் காலி செய்யணும். மெயில், டிஜிலாக்கர் கணக்குகளில் இருந்து வெளியே வந்துவிட்டு எழுந்திருங்க. 2015-ல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரில், அரசுத் துறையே நேரடியாக வழங்கும் சான்றுகள் அசலுக்கு இணையானவை. நீங்களே போட்டோ எடுத்து ஏற்றுவது வெறும் நகல்தான்.

ஃபைலுக்குப் பெயர் வைப்பதிலும் கவனம் தேவை. ‘டாக்குமெண்ட் 1’ என்று இருந்தால் ஆறு மாதம் கழித்துத் தேட முடியாது. ‘பட்டா - அப்பா பெயர் - 2025 ஜூன்’ என்று வைத்தால் உடனே கிடைக்கும். பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்பாமல் மெயிலிலும் ஒரு நகல் வையுங்க.

அடுத்தவர் எழுதியதை நாம் பயன்படுத்தலாமா?

சொந்தமாகப் படிக்க, ஆராய்ச்சிக்குக் குறிப்பு எடுக்க, நியாயமான அளவில் பயன்படுத்த 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் அனுமதிக்கிறது. அதையே உங்கள் பெயரில் வெளியிடுவது தவறு. தமிழ் விக்கிப்பீடியா கட்டுரைகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிடணும், அதே உரிமத்தில்தான் வெளியிடணும். பள்ளி புராஜெக்ட் செய்யும் பிள்ளைகளுக்கு இதை இப்போதே பழக்கிவிடுங்க.

சேமித்த பக்கம் பின்னாளில் மறைந்துவிட்டால்? ‘வேபேக் மெஷின்’ தளத்தில் அதன் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்க. 1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்கைவ் நடத்தும் இலவச சேவை இது. எல்லாப் பக்கமும் கிடைக்காது, ஆனால் பல கிடைக்கும். அதற்கும் முகவரி வேண்டும். எதைச் சேமித்தாலும் எங்கே பார்த்தோம், என்றைக்குப் பார்த்தோம் என்ற இரண்டையும் கூடவே எழுதி வைக்கச் சொல்வது அதனால்தான்.