புதுப் பற்றரி எட்டாம் நாளில் இறங்கியதேன்?

2017 மே மாத வெள்ளம் இரத்தினபுரியில் வடிந்த பின், எமது மோட்டார் சைக்கிளைச் சேற்றிலிருந்து இழுத்தெடுத்தோம். புதுப் பற்றரி பூட்டினோம். ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் ஹோர்ன் கூட முனகவில்லை. பற்றரிதான் பிழை என்று இன்னொன்று வாங்கப் புறப்பட்டோம். பக்கத்துத் தோட்டத்துப் பாஸ் தடுத்தார். "குடம் நல்ல குடந்தான். பீலியில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்" என்றார்.

வெள்ளத்தாலும் மண்சரிவாலும் இடம்பெயர்ந்த எமக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரம் அன்று. மரக்கறி சந்தைக்குப் போவதும், இரவில் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். வீணாய் வாங்கும் ஒரு பற்றரி, பல நாட் கூலி.

என்ஜின் சுற்றும்போது காந்தச் சில்லும் கொயிலும் சேர்ந்து ஆடலோட்ட மின்னை உண்டாக்குகின்றன. ரெகியுலேற்றர் அதை நேரோட்டமாக்கி, அளவு மிஞ்சாமல் பற்றரிக்கு அனுப்புகிறது. இவ்வழியில் எங்கே தடை என்பதையே தேட வேண்டும். ஒரு சாதாரண மீற்றர் போதும்.

முதலில், என்ஜினை நிறுத்திப் பற்றரியை அளவுங்கள். முழுச் சார்ஜில் 12.6 வோல்ற் அளவில் இருக்கும். 12.4இலும் குறைந்தால் வெளியே சார்ஜ் செய்த பின்பே சோதனையைத் தொடருங்கள்.

அடுத்து, என்ஜினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டுப் பற்றரியின் இரு முனைகளிலும் அளவுங்கள். 13.5 முதல் 14.5 வரை ஏறினால் நலம். 15ஐத் தாண்டினால் ரெகியுலேற்றர் பழுது. பற்றரி கொதித்துக் கெடும். ஏறவே இல்லையென்றால் பியூஸ், இணைப்புகள், எர்த் வயர் ஆகியவற்றைப் பாருங்கள்.

அவை சரியானால், என்ஜினை நிறுத்திக் கொயில் வயர்களை ரெகியுலேற்றரிலிருந்து கழற்றுங்கள். பல வண்டிகளில் அவை மூன்று மஞ்சள் வயர்கள். மீற்றரை ஆடலோட்டத்துக்கு மாற்றி, என்ஜினை ஓடவிட்டு, இரண்டிரண்டாக அளவுங்கள். மூன்று அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கொயில் பழுது. மூன்றும் ஒத்திருந்தும் சார்ஜ் ஏறாவிடில் ரெகியுலேற்றரைச் சந்தேகியுங்கள்.

சில எச்சரிக்கைகள்: பற்றரியைக் கழற்றும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது முதலில் பிளஸ். மாறிப் பூட்டினால் பியூஸோடு ரெகியுலேற்றரும் எரியலாம். என்ஜின் ஓடுகையில் பற்றரியைக் கழற்றவே வேண்டாம். பற்றரி அமிலம் தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவுங்கள்.

எமது வண்டியில் கண்டது என்ன? எர்த் வயரின் முனையில் சேற்றுத் துரு. எமரித் தாளால் தேய்த்து இறுக்கினோம், மீற்றர் 14.1 காட்டியது. புதிய பற்றரி எதுவும் வாங்கவில்லை. மழை ஓயாத எமது மாகாணத்தில், பணப்பையைத் திறக்குமுன் எர்த் வயரைத் திறந்து பார்ப்போம்.