தூத்துக்குடி பக்கத்திலேயே ஒரு செம்மணல் ‘பாலைவனம்’! கேரவனில் போகலாமா தேரிக்காட்டுக்கு?

கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நட்சத்திரங்களின் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் படுக்கை, அடுப்பு, கழிப்பறை என எல்லாவற்றையும் கூடவே ஏற்றிக்கொண்டு குடும்பமாகக் கிளம்பும் ‘கேரவன் சுற்றுலா’ நம் பக்கமும் வந்துவிட்டது. கேரளம் 2021-ல் இதற்கெனத் தனிக் கொள்கையே அறிவித்தது. தமிழக அரசின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் இதற்கு இடம் உண்டு.

சரி, பாலைவனச் சாலையில் வண்டி ஓட்ட ராஜஸ்தானுக்குத்தான் போக வேண்டுமா? முத்துக்குளிப்புக்குப் பேர்போன தூத்துக்குடியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அப்படி ஒரு காட்சி கிடைக்கும். அதுதான் தேரிக்காடு.

உப்பு, வெற்றிலை, பிறகு சிவப்பு

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சுமார் 40 கி.மீ. ஊரைத் தாண்டியதும் இருபுறமும் உப்பளங்கள், வெயிலில் மின்னும் உப்புக் குவியல்கள். தாமிரபரணியைக் கடந்தால் ஆத்தூரின் பச்சை வெற்றிலைக் கொடிக்கால்கள். இந்த வெற்றிலை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. ஆறுமுகநேரி, காயல்பட்டினம் தாண்டித் திருச்செந்தூர்.

அங்கிருந்து மேற்கே காயாமொழிப் பக்கம் திரும்பினால் நிலத்தின் நிறமே மாறிவிடுகிறது. செங்கல் பொடியைக் கொட்டிப் பரப்பியது போல அலையலையாய் மணல்மேடுகள். நடுநடுவே ஒற்றைப் பனைகள். இதுதான் குதிரைமொழித் தேரி. ‘தேரி’ என்றால் மணல்மேடு.

மணல் ஏன் சிவந்தது?

மணலில் கலந்திருக்கும் இரும்புச்சத்துள்ள கனிமங்கள் காற்றும் ஈரமும் பட்டு நாளடைவில் துருவாகின்றன. அந்தத் துரு ஒவ்வொரு மணல் துகளின் மேலும் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. அதனால்தான் இந்தச் சிவப்பு.

மணல் எங்கிருந்து வந்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று உள்நாட்டுச் செம்மண்ணை அள்ளி வந்து கடலோரம் குவித்தது என்பது ஒன்று. பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்தபோது வெளியே தெரிந்த கடற்கரை மணலைக் காற்று குவித்தது என்பது மற்றொன்று. கடல் இங்கே இடம் மாறியிருப்பதற்குக் கொற்கையே சாட்சி. பாண்டியர்களின் அந்த முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சிற்றூர்.

இந்த மேடுகளில் கற்கால மனிதர்களும் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் செதுக்கிய சின்னஞ்சிறு கல் கருவிகளைப் பற்றி சாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் 1956-ல் விரிவாக எழுதினார்கள். தொல்லியல் உலகில் அவற்றுக்குப் பெயரே ‘தேரிக் கருவிகள்’தான்.

இது பாலைவனமே இல்லை!

பார்க்கத்தான் பாலை. உண்மையில் தேரி ஒரு தண்ணீர்த் தொட்டி. வடகிழக்குப் பருவமழையை இந்த மணல் அப்படியே உறிஞ்சி அடியில் சேர்த்து வைக்கிறது. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனால் இது கண்கூடு. செம்மணலுக்கு நடுவே சுனையும் மரக்கூட்டமுமாக அந்த இடம் குளுகுளுவென்று இருக்கிறது.

அந்த நீரை நம்பித்தான் பனை நிற்கிறது. பனையை நம்பி ஏறுகிறவர்களும் கருப்பட்டி காய்ச்சுகிறவர்களும் இருக்கிறார்கள். பக்கத்திலுள்ள உடன்குடிக் கருப்பட்டிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

காற்றுக் காலத்தில் மணல் நகரும், சாலையையே மூடும். அதைத் தடுக்கத்தான் முந்திரி, பனை போன்றவை நட்டு வளர்க்கப்படுகின்றன. மணலைக் கட்டிப் பிடித்திருப்பது இந்த வேர்கள்தான். ரீல்ஸுக்காக மேட்டில் வண்டி ஏற்றிச் சறுக்கும்போது முதலில் நசுங்குவதும் அந்தச் செடிகள்தான்.

கைப்பிடி மண்ணும் லாரி மண்ணும்

தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் ‘கள்ளர் வெட்டு’ திருவிழா நடக்கும். அன்று இளநீர் வெட்டப்பட்டு, அது சிந்திய செம்மண்ணைப் பக்தர்கள் போட்டிபோட்டு அள்ளுவார்கள். வீட்டிலும் வயலிலும் வைத்தால் நன்மை உண்டாகும் என்பது நம்பிக்கை.

இதே மண்ணில் இல்மனைட் போன்ற கனிமங்களும் இருக்கின்றன. அதை நம்பித்தான் சாத்தான்குளம் வட்டாரத்தில் டைட்டானியம் டை ஆக்சைடு ஆலை அமைக்க டாடா நிறுவனம் திட்டமிட்டது. 2007-ல் நிலமும் நிலத்தடி நீரும் போய்விடும் என்று எழுந்த கடும் எதிர்ப்பால் அது கிடப்பில் போடப்பட்டது. மணலைத் தோண்டி எடுத்தால் அது சேர்த்து வைக்கும் தண்ணீர் என்னவாகும் என்ற கேள்வி இன்றும் அப்படியே இருக்கிறது.

முடிவில் கடல்

தேரியிலிருந்து உடன்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைக்குத் திரும்பினால், தசராவுக்குப் புகழ்பெற்ற குலசேகரன்பட்டினம். இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது இங்கேதான். அடுத்து மணப்பாடு. 1542-ல் இந்தக் கடற்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையும், மணல்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயமும் இருக்கின்றன. காலையில் சிவப்பு மணல், மாலையில் நீலக் கடல்! ஒரே நாளில் இரண்டும் கிடைப்பது இந்தச் சாலையின் சிறப்பு.

கிளம்பும் முன்...

* டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல நேரம். ஆனி, ஆடியில் மணல் கண்ணைத் திறக்கவிடாது. பதநீர் குடிக்க ஆசையென்றால் பங்குனிக்குப் பிறகு, அதிகாலையில் போய்விடுங்கள்.

* கேரவன் கனமான வண்டி. தார்ச்சாலையை விட்டு இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும். ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள்.

* தேரியின் பெரும்பகுதி வனத்துறை வசம் உள்ளது. அனுமதியில்லாமல் உள்ளே போவது, தீ மூட்டிச் சமைப்பது கூடாது. இரவு தங்கத் திருச்செந்தூருக்கே வந்துவிடுங்கள்.

* மேடுகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், வழி தப்புவது எளிது. பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். குடிநீர் கூடுதலாக இருக்கட்டும்.

* வண்டியின் கழிவுநீரை மணலில் திறந்துவிடாதீர்கள். அடியில் இருப்பது ஊர் குடிக்கும் தண்ணீர்!