முன்னால் நடக்கும் பாட்டி

பேரணாம்பட்டு என்றதும் வெளியூர்க்காரர்களுக்குத் தோல் தொழிற்சாலையும் செருப்பும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் யானைக் கதையும் சொல்வார்கள். வி.கோட்டா போகும் மலைச்சாலையில் பத்தலபல்லி தாண்டினால் காடு. அதை ஒட்டியே ஆந்திராவின் கவுண்டின்யா சரணாலயம். யானைக்கு மாநில எல்லை ஏது? பசித்தால் இரவில் கீழே இறங்கி, வாழைத் தோட்டத்தையும் மாந்தோப்பையும் ஒரு வழி பண்ணிவிட்டுப் போகும்.

தனியாக வந்து நிற்பது பெரும்பாலும் ஆண் யானை. பெண்களும் குட்டிகளும் கூட்டமாகத்தான் வருவார்கள். கூட்டத்துக்குப் பெரியவள், வயதில் மூத்த பெண் யானை. கூட வரும் குட்டிகளில் ஒன்றிரண்டுக்கு அவள் பாட்டியாகவும் இருப்பாள். ஆண் குட்டிகள் வளர்ந்ததும் பிரிந்து போய்விடுவார்கள். மகளும் பேத்தியும் அநேகமாக அவளோடுதான்.

யானை தன் குட்டியை ஏறத்தாழ 20 முதல் 22 மாதம் வயிற்றில் சுமக்கிறது. பிறக்கும்போதே குட்டி 100 கிலோ இருக்கும். ஆனால் தன் துதிக்கையை என்ன செய்வதென்றே அதற்குத் தெரியாது. அதை மிதித்துத் தடுமாறும். சில நேரம் வாயில் வைத்துச் சப்பும். பால் குடிப்பது வாயால்தான். மடியும் மாட்டுக்கு இருப்பதுபோல் பின்னங்கால் பக்கம் இல்லை, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. முதல் குட்டி ஈன்ற இளம் தாய்க்கு இதெல்லாம் புதிது. பக்கத்தில் பழகிய ஆள் இருந்தால் நல்லது அல்லவா?

மியான்மரில் மரம் இழுக்கும் யானைகளுக்குப் பிறப்பு, இறப்புப் பதிவேடு உண்டு. மிர்கா லாதன்பெரா என்ற பின்லாந்து விஞ்ஞானியும் குழுவினரும் அதை அலசி, 2016இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 20 வயதுக்குட்பட்ட தாய்களின் குட்டிகளில், பாட்டியும் அதே இடத்தில் இருந்த குட்டிகளுக்குச் சாகும் ஆபத்து எட்டு மடங்கு குறைவு! அனுபவப்பட்ட தாய்களின் குட்டிகளுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாக இல்லை. மகளுக்கு வேலை தெரியாத காலத்தில்தான் பாட்டி அதிகம் தேவைப்படுகிறாள்.

பாட்டியின் இன்னொரு சொத்து நினைவு. 1993இல் தான்சானியாவின் தரங்கிரே பூங்காவில் கடும் வறட்சி. வயது கூடிய தலைவிகள் இருந்த கூட்டங்கள் பூங்காவை விட்டு வெளியேறின. அவற்றில் குட்டிகள் அதிகம் பிழைத்தன. வெளியே போகாமல் தங்கிவிட்ட கூட்டத்தில்தான் சாவு அதிகம். அதன் மூத்த பெண்களைத் தந்த வேட்டைக்காரர்கள் முன்பே கொன்றிருந்தார்கள். அதே பகுதியில் 1958 முதல் 1961 வரையும் பெரும் வறட்சி வந்திருந்தது. அன்று குட்டியாக நடந்தவர்களுக்குத் தண்ணீர் இருந்த திசை நினைவிருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

யானையின் ஆயுளைப் பல்லும் தீர்மானிக்கிறது. கடைவாய்ப் பற்கள் ஆறு முறை முளைக்கும். பழையது தேயத் தேய, பின்னாலிருந்து புதியது நகர்ந்து வரும். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் அவ்வளவுதான், மெல்ல முடியாது. கிழட்டு யானை ஈரமான இடங்களில் மென்மையான புல்லைத் தேடி நிற்பது அதனால்தான்.

பாட்டி இறந்த பிறகு? யானைகள் தம் இனத்தின் மண்டையோட்டையும் தந்தத்தையும் துதிக்கையால் தடவி, முகர்ந்து பார்க்கும். கென்யாவின் அம்போசெலியில் விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். மூன்று தலைவிகளின் மண்டையோடுகளை வைத்துவிட்டு, ஒவ்வொரு குடும்பமும் எதைத் தேடிப் போகிறது என்று கவனித்தார்கள். தன் சொந்தத் தலைவியின் மண்டையோட்டுக்கு எந்தக் குடும்பமும் தனிச்சலுகை காட்டவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்!

கவுண்டின்யா காட்டில் நெடுங்காலம் யானையே இல்லை. 1980களில்தான் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளிலிருந்து வந்து சேர்ந்தன. அன்று தாயின் வாலுக்குப் பின்னால் நடந்து வந்த பெண் குட்டி இன்று உயிரோடிருந்தால் நாற்பது வயதைத் தொட்டிருக்கும். யானை பதினைந்து, இருபது வயதுக்குள் முதல் குட்டி போட்டுவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், அவள் இப்போது பாட்டியாகவே இருக்கலாம். எனவே மலைச்சாலையில் குட்டியோடு ஒரு கூட்டம் எதிர்ப்பட்டால், படம் எடுக்கிறேன் என்று யாரையும் வண்டியை நிறுத்தி இறங்க விடாதீர்கள். குட்டியை நடுவில் தள்ளிவிட்டுப் பெரியவர்கள் சுற்றி நிற்பார்கள். அதில் யார் முதலில் பாய்வார்கள் என்று நமக்குத் தெரியாது.