தங்கவயல் லைன் வீடும் தாலுகா ஆபீஸ் கேள்வியும்

ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஷூ கம்பெனிகளிலும் தோல் ஷாப்புகளிலும் வேலை பார்ப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், யாராவது ஒருவர் ‘நாங்க கே.ஜி.எப்.காரங்க’ என்பார். கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள் தங்கள் ஊரை அப்படித்தான் சொல்வார்கள். சினிமா வந்த பிறகு அந்த மூன்று எழுத்துக்குத் துப்பாக்கியும் தாடியும் அடையாளமாகிவிட்டன. அங்கே வளர்ந்தவர்களுக்கோ அது பத்துக்குப் பத்து அறை, பொதுக்குழாய், நேரம் சொல்லும் சங்கு.

சில மாதங்களாக இப்படிப்பட்ட குடும்பங்கள் பலவற்றைச் சந்தித்துப் பேசி வருகிறேன். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டார்கள். அவர்களில் பலர் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு மனு போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். பத்திரிகையில் பெயர் வந்து, அதனால் கோப்பு எங்காவது நின்றுவிடுமோ என்ற பயம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. பூமிக்குள் இறங்க ஆள் வேண்டும். தாது வருசப் பஞ்சத்தில் நொடிந்து கிடந்த வடஆற்காடு, சேலம் மாவட்டங்களின் சேரிகளிலிருந்து நம் மக்கள் போனார்கள். பண்ணையாரிடம் பட்ட கடனுக்கு இரவோடு இரவாக ஓடியவர்களும் உண்டு. ‘எங்க தாத்தா சோறு தேடிப் போகல, அடி தாங்காம போனாரு’ என்று ஒருவர் சொன்னார். இரண்டும் உண்மையாகவே இருக்கும். 1894-இல் பவுரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காரப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை ரயில் போட்ட பிறகு போக்குவரத்து எளிதானது. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப்ஸ், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கத்துக்குச் சுரங்கம் தொழிலாளர் குடியிருப்புகள் முளைத்தன. அவற்றுக்கு லைன் என்று பெயர்.

முதலில் இருந்தவை மூங்கில் தட்டி வீடுகள். பிறகு சுவர் எழுப்பி ஷீட் போட்ட வரிசை வீடுகள். 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். நாட்டிலேயே மின்சாரம் கண்ட முதல் ஊர்களில் ஒன்று என்று இன்றும் பெருமை பேசப்படுகிறது. அந்த வெளிச்சம் யாருக்கு? சுரங்க எந்திரத்துக்கும் வெள்ளைக்காரர் பங்களாவுக்கும். லைன் வீடுகளில் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. தண்ணீர் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து வந்தது. அது பாலாற்றுத் தண்ணீர். அதே ஆறு இங்கே வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் மணலாக வருவதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

தங்கவயல் நினைவு என்றதும் ஆண்கள் கால்பந்தையும் கிறிஸ்துமஸ் நேரத்து பேண்டு வாத்தியத்தையும் சொல்கிறார்கள். பெண்கள் சொல்வது சத்தங்களை. முதலில் சங்கு. ஷிப்டு மாறும்போது ஊதும். அதை வைத்துத்தான் உலை வைப்பது, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவது எல்லாம். வீட்டில் கடிகாரம் இருந்ததாக நான் பேசியவர்களில் ஒருவருக்கும் நினைவில்லை.

இன்னொரு சத்தம் ஏர்பிளாஸ்ட். ஆழத்தில் பாறை மீது ஏறி நிற்கும் அழுத்தம் திடீரென்று விடுபட்டு, சுரங்கச் சுவர் வெடித்துத் தெறிப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அது. சாம்பியன் ரீஃப்ஸ் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஆழம் கூடக்கூட வெடிப்பும் கூடியது. ஆம்பூரில் ஷூ மேல்பாகம் தைக்கும் ஒரு அக்கா, சாம்பியன் லைனில் வளர்ந்தவர், இப்படிச் சொன்னார்: “ராத்திரி தட்டுல இருக்கிற சொம்பு தானா உருண்டு விழும் தம்பி. அம்மா வெளக்குகூட ஏத்தாம ஓடும். எந்த ஷாப்ட்டுன்னு தெரியற வரைக்கும் லைன்ல ஒரு பொம்பளயும் உக்கார மாட்டாங்க. எங்க நைனா மேல வந்துட்டாருன்னு தெரிஞ்சாலும் சிரிக்க முடியாது. பக்கத்து வூட்டுக்காரு வந்திருக்க மாட்டாரு.”

அவர் இப்போது இருப்பது தேசிய நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில். கனரக லாரி போய் சுவர் அதிர்ந்தால் இன்னும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாராம். மருமகள் கிண்டல் செய்கிறாள் என்றார்.

வெடிப்பில் போகாதவர்களை இருமல் கொண்டுபோனது. பாறைத் தூள் நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸ். அந்த நோயின் பெயரை, பள்ளிக்கூடமே போகாத பாட்டிகளும் பிசகாமல் உச்சரிக்கிறார்கள். எத்தனை சதவீதம் நுரையீரல் கெட்டதென்று டாக்டர் எழுதுகிறாரோ அதைப் பொறுத்து இழப்பீடு. ‘எங்கப்பாவுக்கு இத்தனை பர்சென்ட்’ என்று பரீட்சை மார்க் மாதிரி சொல்வார்கள்.

ஷிப்டு முடிந்து மேலே வருகிறவனைத் துணி களைந்து சோதிப்பார்கள். முடி, வாய், கால் இடுக்கு ஒன்றும் பாக்கி இருக்காது. தங்கம் தோண்டுகிறவன் கையில் தங்கம் ஒட்டியிருக்கும் என்பது கம்பெனியின் நம்பிக்கை. எல்லாத் தொழிலாளியும் கைரேகை பதியவேண்டும் என்றபோது 1930-இல் மொத்த வயலும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. கூலி உயர்வு கேட்டு அல்ல, தங்களைக் குற்றப்பரம்பரை போல நடத்தாதே என்று கேட்டு. தலித் தொழிலாளர்கள் பெருவாரியாக நின்ற அந்தப் போராட்டம் நம் பாடப்புத்தகம் எதிலும் கண்ணில் படவில்லை.

கிராமத்துச் சாதி அங்கே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதை அப்படியே ஏற்க முடியாது. மேற்பார்வை வெள்ளைக்காரர்களிடமும் ஆங்கிலோ இந்தியர்களிடமும், காவல் பஞ்சாபியரிடமும், எழுத்து வேலை உயர்சாதியாரிடமும் இருந்தது. மிக ஆழத்தில், மிக வெக்கையில் நின்றவர்கள் ஆதிதிராவிடர்கள். சாதி வரிசை செங்குத்தாகத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மாதாமாதம் கையில் காசு வந்தது. தெருவில் செருப்போடு நடந்தார்கள். குடை பிடித்தார்கள். கம்பெனி ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்று வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கால்சட்டையும் தொப்பியுமாக வந்து ஊர்த்தெருக்காரர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட கதை ஏறக்குறைய எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது.

அந்தக் காசிலிருந்துதான் அயோத்திதாசப் பண்டிதரின் இயக்கம் வேர் பிடித்தது. 1907-இல் அவர் சென்னையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கிய காலத்திலேயே மாரிக்குப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை இருந்தது. பண்டிதர் 1914-இல் மறைந்தார். பின்னர் ‘தமிழன்’ இதழை 1926 முதல் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தியவர் ஜி.அப்பாதுரையார். பண்டிதரின் நூல்களை அச்சிட்டு வந்ததும் அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. தமிழ் முதுகலை வகுப்பில் இரண்டாண்டு உட்கார்ந்திருந்தும் இந்தப் பெயர்களில் ஒன்றைக்கூட நான் கேள்விப்படவில்லை. சுரங்கத்தில் டிரில் பிடித்தவரின் மகளான ஒரு பாட்டி, வைகாசிப் பௌர்ணமிக்கு விகாரையில் பாடிய பாட்டை எனக்குப் பாடிக் காட்டினார். குடியரசுக் கட்சிக்காரரான தமிழரை கர்நாடகச் சட்டப்பேரவைக்கு அனுப்பிய தொகுதி அது என்பதற்கான அடித்தளம் இந்த விகாரைகளிலும் இரவுப் பள்ளிகளிலும் படிப்பகங்களிலும் போடப்பட்டது.

கம்பெனி 1956-இல் மைசூர் அரசுக்கும், 1962-இல் மத்திய அரசுக்கும் கைமாறி, 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடிவிட்டார்கள். எடுக்கும் தங்கத்தின் விலையைவிட எடுக்கும் செலவு பன்மடங்கு என்றார்கள். சங்கு நின்றது. நீர் இறைக்கும் பம்புகள் நின்றன. சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்தது. மிஞ்சியவை சயனைடு மேடுகள். பாறையை அரைத்து, சயனைடில் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய மண். சிறுவயதில் தகரத் துண்டில் உட்கார்ந்து அதில் சறுக்கி விளையாடியதை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். காற்றடிக்கும் மாதங்களில் சோற்றிலும் அந்த மண் விழும் என்பதையும் அதே சிரிப்போடுதான் சொல்கிறார்கள். இப்போது அந்த மேடுகளிலிருந்து மிச்சத் தங்கத்தைப் பிரிக்கும் திட்டம் பேசப்படுகிறது. மண்ணுக்கு விலை வந்துவிட்டது.

மூடிய பிறகு இளைஞர்கள் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு ஓடத் தொடங்கினார்கள். இன்றும் ஓடுகிறார்கள். போக வர நாளில் பல மணி நேரம் ரயிலிலேயே கழிகிறது. தமிழ்வழிப் பள்ளிகள் சுருங்கின. லைன்களில் பூட்டிய வீடுகளும் இடிந்த வீடுகளும் கூடிவிட்டன. ஒரு பகுதியினர் தாத்தா பாட்டி கிளம்பிய திசையிலேயே திரும்பி, நம் மாவட்டங்களுக்கு வந்தார்கள். இங்குதான் சிக்கல்.

ஆதிதிராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் உண்டு, தமிழ்நாட்டுப் பட்டியலிலும் உண்டு. ஆனால் பட்டியல் சாதி என்ற உரிமை மாநிலத்தோடு கட்டப்பட்டது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, குடியரசுத் தலைவர் ஆணை வந்த அன்று, உன் குடும்பத்தின் நிரந்தர வசிப்பிடம் எது என்பதே கேள்வி. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதியார் இன்னொரு மாநிலத்துக்குப் போனால் அங்கே இடஒதுக்கீடு கோர முடியாது என்று 1990-இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், மறுபடி 2018-இல் பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்ற அரசமைப்பு அமர்வு சொல்லிவிட்டது. அதனால் தாத்தாவின் ஊருக்கே திரும்பி வந்த பேத்திக்குத் தாலுகா ஆபீஸில் கிடைக்கும் பதில், ‘நீங்க கர்நாடகா எஸ்.சி.’ என்பது. சான்றிதழ் தந்தாலும் வெளிமாநிலத்தவர் என்று குறித்துத் தருகிறார்கள். அதை வைத்து இங்கே கல்லூரியிலும் வேலையிலும் ஒதுக்கீடு கேட்க முடியாது. சேரியில் வாடகை வீடு மட்டும் தடையின்றிக் கிடைக்கிறது. அங்கே யாரும் மாநிலம் கேட்பதில்லை.

சட்டம் முழுதாக மூடிய கதவு அல்ல. 1977-இல் மத்திய உள்துறை மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஆணை வந்த நாளில் பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ சொந்த ஊரை விட்டுத் தற்காலிகமாக வெளியே இருந்தவர், தன் சொந்த மாநிலத்தின் பட்டியல் சாதியாராகவே கருதப்படலாம் என்று அது சொல்கிறது. தங்கவயல் தொழிலாளியின் நிலை வேறென்ன? லைன் வீடு அவருடையது அல்ல, கம்பெனியுடையது. வேலை போனால் வீடும் போகும். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வந்தார். பெண் எடுத்ததும் கொடுத்ததும் பெரும்பாலும் இங்கே. ஆடிக்கு இங்கே வந்து கூழ் ஊற்றினார். அவர் நிரந்தரமாக வாழ்ந்தது எங்கே என்று இதைக் கொண்டுதான் முடிவு செய்யவேண்டும். மூன்று தலைமுறை அங்கேயே கழித்து, இங்கே ஒரு குழி நிலமும் உறவும் இல்லாமல் போன குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இந்த வாதம் உதவாது. தொடர்பு அறாத குடும்பங்களையாவது இரு மாநில வருவாய்த் துறைகளும் கூடிப் பேசி விசாரிக்கலாம். கம்பெனியின் பழைய ஆள் பதிவேடுகளில் சேர்ந்த தேதியும் சொந்த ஊரும் இருக்கிறதா என்று பார்க்கலாம். அந்தக் காகிதங்கள் மழையிலும் கரையானிலும் போவதற்குள் அதைச் செய்யவேண்டும்.

காகிதம் வைத்திருப்பவர்கள் குறைவு. ஒருவரிடம் அப்பாவின் வருங்கால வைப்புநிதிச் சீட்டு இருக்கிறது. இன்னொருவரிடம் ஒரு தபால் அட்டை. 1949-இல் பேரணாம்பட்டுப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து மாரிக்குப்பத்துக்குப் போனது. ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, லீவு போட்டு வா’ என்று இரண்டு வரி. தபால் முத்திரை தெளிவாக இருக்கிறது. அட்டையை வைத்திருக்கும் அண்ணன் அதை லேமினேஷன் போட்டுவிட்டார். கிழிந்துவிடுமே என்ற கவலை. போட்டது நல்லதுதானா, ஒரிஜினல் இல்லை என்று சொல்லிவிடுவார்களா என்று என்னிடம் கேட்டார்.

சாம்பியன் லைனில் வளர்ந்த அந்த அக்காவிடம் அதுவும் இல்லை. நைனாவின் பித்தளை வில்லை மட்டும் இருக்கிறது, வெறும் நம்பர் போட்டது. ஊர் பெயரும் தெரு பெயரும் வாய்வழியாகத் தெரியும். அவருடைய கடைசி மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடிக்கிறாள், நர்சிங் சேரவேண்டும் என்கிறாள். ஆடி மாதம் அந்த ஊர் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது நைனாவைத் தெரிந்த கிழவர்கள் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்களாம். அவர்களைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கூட்டிப்போய்ச் சாட்சி சொல்ல வைக்கப் போகிறார். “ஒருத்தருக்குக் காது கேக்காது, அதான் யோசனை” என்றார்.